கத்திரி வெயிலுக்கு ஒரு குட்டி கேமிங் பிசி: நெல்லை வீட்டில் கோர்ப்பது எப்படி

பொருள் எதையும் வாங்கும் முன்னால், பிசி வைக்கப்போகும் அறையில் ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியை மாட்டி, மதியம் மூன்று மணிக்கு அது என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். பாளையங்கோட்டையில் எங்கள் மாடி அறை, கத்திரி நாட்களில், மேலே ஃபேன் ஓடும்போதே 36 டிகிரி காட்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பிராசசரைக் குளிர்விக்கும் கூலர்களைச் சோதித்துக் காட்டும் வீடியோக்கள் பெரும்பாலும் இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரிக்குள் இருக்கும் அறையில் எடுத்தவை. அறைச் சூடு ஒரு டிகிரி ஏறினால், பிராசசரும், திரைக்குப் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய அதே ஒரு டிகிரி ஏறும். 22 டிகிரி அறையில் 75 காட்டிய பிராசசர் எங்கள் மாடியில் 89-க்குப் போய்விடும். ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசருக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பே 89தான். அங்கே வசதியாக இருந்தது இங்கே விளிம்பில் நிற்கும்.

அக்கா மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகிற மாதிரி ஒரு பிசி வேண்டும் என்று கேட்டான். கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட்டை எடுத்தோம். அதன் கொள்ளளவு 18.25 லிட்டர். கடையில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடக் குறைவு. அதற்குள் 200 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, மேலே சொன்ன 7800எக்ஸ்3டி பிராசசர், மற்றவை எல்லாம் சேர்ந்து 300 வாட் பக்கம் வரும். நான்கு சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரம் முழுவதும் ஒரு தண்ணீர் கேனுக்குள் சூடாக மாறுகிறது என்று நினைத்துக்கொண்டால், மேற்கொண்டு சொல்வதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் அளவு

எல்லாப் பாகமும் மாட்டும் மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு, 170-க்கு 170 மி.மீ. எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வழக்கமான பெரிய அளவு இதில் நுழையாது. எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகை, கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடியது வேண்டும். 750 வாட் தாராளம்.

கேபினெட்டின் விவரப் பக்கத்தில் மூன்று எண்களைப் பாருங்கள்: கார்டின் நீளம், கார்டின் தடிமன், கூலரின் உயரம். எங்கள் கேபினெட்டில் கார்டு 330 மி.மீ. வரையும் கூலர் 155 மி.மீ. வரையும் போகும். தடிமனைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கார்டு தடித்தால் அதற்குக் கீழே ஃபேன் வைக்கும் இடத்தைத் தின்றுவிடும். பழைய காலண்டர் அட்டையைக் கார்டின் நீள அகலத்துக்கு வெட்டி, காலிக் கேபினெட்டுக்குள் வைத்துப் பாருங்கள். மின் கேபிள் எங்கே வளையும், விரல் எங்கே நுழையும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி நெல்லை எக்ஸ்பிரசில் ஊருக்குக் கொண்டுவந்த பொருளை, நுழையவில்லை என்று மாற்றப் போவது பெரிய அலைச்சல்.

பாயை விரித்து உட்காருங்கள்

பத்தமடைக் கோரைப் பாய் இதற்கு நல்லது. பாலியஸ்டர் விரிப்பு வேண்டாம், அதில் நிலைமின்சாரம் சேரும். வேலைக்கு நடுவே அடிக்கடி கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பெட்டியில் வரிசை முக்கியம். பின்னால் செய்யலாம் என்று விட்ட வேலைக்குக் கை நுழையாது. பல மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் இரண்டாவது எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) மாட்டும் இடம் போர்டின் முதுகில் இருக்கும். போர்டை உள்ளே திருகும் முன்பே அதை மாட்டிவிடுங்கள். பிராசசரும் ரேமும் அப்போதே. பிராசசருக்கான 8 பின் மின் கேபிள் போர்டின் மூலையில் செருகும். கூலர் ஏறிவிட்டால் அந்த மூலை மறைந்துவிடும், அதனால் கேபிள் முதலில், கூலர் பிறகு.

பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பிராசசரின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு, நான்கு மூலைப் பக்கமும் ஒவ்வொரு சின்னப் புள்ளி. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு வையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

கார்டின் 16 பின் இணைப்பு கடைசி வரை உள்ளே போக வேண்டும். நகம் நுழைகிற இடைவெளி தெரிந்தாலும் கழற்றி மறுபடி செருகுங்கள். செருகிய இடத்திலிருந்து 35 மி.மீ. வரை கேபிள் நேராக இருக்கட்டும். பக்கப் பலகை மூடும்போது அதை அழுத்தக் கூடாது. அரைகுறையாகச் செருகிய இணைப்பு சூடேறி உருகும். குட்டிக் கேபினெட்டில் நான் மிகவும் பயப்படும் இடம் இதுதான்.

காற்றுக்கு முன்வாசலும் புறவாசலும்

நெல்லை டவுன் பக்கம் பழைய வீட்டுத் தெருவாசலில் நின்றால் தார்சா, அடுக்களை எல்லாம் தாண்டிப் புறவாசல் வரை ஒரே நேராகத் தெரியும். மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் மாதங்களில் அந்த வீட்டில் மதியம் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். புறவாசலைச் சாத்திவிட்டால் முன்வாசல் திறந்திருந்தும் உள்ளே புழுக்கம்தான்.

போன சித்திரையில் மருமகனின் பிசி பத்து நிமிடத்தில் திக்கத் தொடங்கியது. கார்டு 84 டிகிரி. பேஸ்டைத்தான் சந்தேகப்பட்டோம். பிராசசரில் இரண்டு முறை துடைத்துப் பூசியும் மாற்றமில்லை. கடைசியில், "ஏல, அந்தப் பக்கப் பலகையக் கழத்து, பாப்பம்" என்றேன். கழற்றி ஐந்து நிமிடத்தில் 73-க்கு இறங்கியது. "அப்போ காத்து போக வழியே இல்லாமலா மாமா இருந்திருக்கு?" என்றான். மேல் ஃபேன் இரண்டையும் காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டியிருந்தோம்; பக்கத்தில் அழகுக்காகக் கண்ணாடி. கார்டு விட்ட சூட்டையே கார்டு திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது.

நீங்களும் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். பலகையைக் கழற்றியதும் சூடு நன்றாக இறங்கினால் குறை காற்றோட்டத்தில். இறங்கவே இல்லையென்றால் கூலர் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது மின்சார அளவு அதிகம். இது தெரியாமல் பேஸ்ட் வாங்கிச் செலவழிக்காதீர்கள்.

சரியான அமைப்பு: அடியில் இரண்டு 120 மி.மீ. ஃபேன் காற்றை உள்ளே இழுத்து நேராகக் கார்டுக்குக் கொடுக்கட்டும். கார்டு தடித்தது என்றால் 25 மி.மீ. ஃபேனுக்குப் பதில் 15 மி.மீ. மெல்லிய ஃபேன். மேலே இரண்டு ஃபேன் சூட்டை வெளியே தள்ளட்டும். பிராசசர் கூலரின் ஃபேனும் அந்தப் போக்குக்கு எதிராக நிற்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் ஃபேன் வெளிப் பலகையின் துளைகளைப் பார்த்து இருந்தால் வெளிக்காற்றைத் தானே எடுத்துக்கொள்ளும். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சந்தேகம் என்றால் ஊதுபத்தியைக் கொளுத்திக் கேபினெட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, புகை எங்கே போகிறது என்று பாருங்கள்.

கண்ணாடிப் பலகையை எங்கள் ஊருக்கு நான் சொல்லமாட்டேன். துளைப் பலகை போதும். தண்ணீர் கூலரும் அப்படியே: ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து 50 மி.மீ.க்கு மேல் இடம் பிடிக்கும், பம்ப் அதன் சுற்றில் உயர்ந்த இடமாக அமையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 150 மி.மீ. உயரத்தில் நல்ல காற்றுக் கூலர் கிடைக்கும்போது முதன்முறை கோர்ப்பவருக்கு அந்தப் பாடு எதற்கு?

வேலை முடிந்ததும் பாயிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். அடி ஃபேனுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும், சுவரிலிருந்து ஒரு சாண். மர அலமாரிக்குள் வைப்பதானால் இவ்வளவு வேலையும் வீண்.

மின்சாரத்தைக் குறையுங்கள்

உண்டாகாத சூட்டை வெளியேற்ற வேண்டியதில்லை. பிசி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடை 65 வாட்டில் வைத்தால் பிராசசர் இழுப்பது 88 வாட்டோடு நின்றுவிடும். இந்தப் பிராசசர் விளையாட்டில் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும் என்பதால் வேகம் குறைந்தது தெரியாது. கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 200 வாட் 160 ஆகிறது, வேகத்தில் போவது கொஞ்சம்தான். திரை 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம்) என்றால் விளையாட்டு நொடிக்கு உருவாக்கும் பிரேம்களையும் 144-க்குள் கட்டிவிடுங்கள். திரை காட்ட முடியாத பிரேமுக்காக அறையைச் சூடாக்குவானேன்?

இன்னொன்று, மூன்று முள் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும்.

மூன்று மணிச் சோதனை

இரவில் சோதித்து நிம்மதி அடையாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு பாகங்களின் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, இருப்பதிலேயே கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிராசசர் 82-க்குள், கார்டு 78-க்குள், எஸ்எஸ்டி 70-க்குள் நின்றால் எனக்குத் திருப்தி. தாண்டினால் முதலில் பக்கப் பலகைச் சோதனை, அடுத்து ஃபேன் வேகம்.

வைகாசி முடிந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். குற்றாலத்தில் சாரல் விழும்போது நமக்குச் சமவெளியில் வருவது வறண்ட காற்றும் புழுதியும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேபினெட்டின் அடியில் இருக்கும் தூசி வலையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிடக் கூடாது. ஐப்பசி மழை தொடங்கினால் கதகதப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் வரும். திறந்த துளை எதுவும் வலையில்லாமல் இருக்க வேண்டாம்.

முதல் சோதனையில் வந்த எண்களை, அறைச் சூட்டோடு சேர்த்து ஒரு சீட்டில் எழுதிப் பக்கப் பலகையின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த சித்திரையில் அதே விளையாட்டு, அதே மூன்று மணி. அறைச் சூட்டைக் கழித்த பிறகும் ஐந்து டிகிரிக்கு மேல் கூடியிருந்தால் கூலரின் தகடுகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே தூசி இல்லையென்றால்தான் பேஸ்டை மாற்ற வேண்டும்.