பிள்ளையோட வேற ஊருக்கு போயிட்டாங்களா? இந்த தப்பையெல்லாம் பண்ணாதீங்க

குடும்ப நல கோர்ட்ல கேஸ் நடத்துற வக்கீல் நான். புருஷன் பொண்டாட்டி சண்டைல ஒருத்தர் குழந்தைய கூட்டிட்டு கெளம்பிட்டா, இன்னொருத்தர் எங்ககிட்ட வர்றதுக்குள்ள பாதி கேஸ் கைய விட்டு போயிருக்கும். வாட்ஸ்அப்ல திட்டாதீங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, கேஸையே கவுக்குறத மட்டும் சொல்றேன்.

பெரியவங்க பேசி முடிப்பாங்கன்னு மாசக்கணக்கா உக்காந்திருக்கறது

இத பாத்தா இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் வருது. கோயம்புத்தூர்காரர் ஒருத்தர் வந்தாரு, மனைவி யூகேஜி பையன கூட்டிட்டு பெங்களூர்ல அம்மா வீட்டுக்கு போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இவரு மாமனும் சித்தப்பாவும் பேசி கூட்டிட்டு வந்துருவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்திருக்காரு, அதுக்குள்ள பையன் அங்க ஸ்கூல் சேந்து, பக்கத்து வீட்டு பசங்களோட கன்னடத்துல வெளையாட ஆரம்பிச்சுட்டான். 1890-ம் வருஷ கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் 9-வது பிரிவுப்படி, குழந்தை வழக்கமா எங்க வசிக்குதோ அந்த ஊர் கோர்ட்லதான் கஸ்டடி மனு, அதாவது குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு கேக்குற மனு போடணும். போன உடனே வந்திருந்தா ஸ்கூல் ஐடி, பீஸ் ரசீது, தடுப்பூசி கார்டு எல்லாம் வெச்சு இவன் கோயம்புத்தூர் புள்ளதான்னு தைரியமா வாதாடியிருப்பேன். ஒரு வருஷம் கழிச்சு எத வெச்சு வாதாடறது?

அங்க போய் கேஸ் போட்டாலும் ஜட்ஜ் மொதல்ல பாக்குறது குழந்தையோட நலனத்தான், நல்லா பழகிப்போன எடத்துல இருந்து புள்ளைய பிரிக்க ரொம்பவே யோசிப்பாங்க, நீங்க பொறுமையா இருந்ததையே எதிர் வக்கீல் "அப்பவே சம்மதிச்சுட்டாரு"ன்னு சொல்வாரு. பேசுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா பேசிக்கிட்டே மனுவையும் போடுங்க, கோர்ட்டே மீடியேஷனுக்கு, அதாவது சமரச பேச்சுக்கு அனுப்பும். அதே சட்டத்தோட 12-வது பிரிவுல, கேஸ் முடியற வரைக்குமான இடைக்கால உத்தரவும் சேத்து கேளுங்க.

ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு மனு) போட்டா உடனே புள்ள கைக்கு வந்துரும்னு நம்பறது

அப்பா அம்மா ரெண்டு பேருமே இயற்கை கார்டியன், அதனால ஒருத்தர்கிட்ட குழந்தை இருக்கறத சட்டவிரோத காவல்னு சொல்றது கஷ்டம். 2019 தேஜஸ்வினி கவுட் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதுதான், சட்டத்துக்கு புறம்பா வெச்சிருந்தாதான் இந்த மனு நிக்கும், மத்தபடி கார்டியன் கோர்ட்டுக்கு போகணும். ஏற்கனவே இருக்கற கஸ்டடி உத்தரவ மீறி தூக்கிட்டு போயிருந்தாலோ, அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைய அம்மாகிட்ட இருந்து பிரிச்சிருந்தாலோ தாராளமா ஹைகோர்ட் போங்க.

ஸ்கூல் வாசல்ல இருந்து நீங்களே தூக்கிட்டு வர்றது

வேணவே வேணாம்.

கோவத்துல குழந்தையோட ஸ்கூல் பீஸ் கட்டறத நிறுத்தறது

கட்டுங்க. ரசீத பத்திரமா வெச்சுக்குங்க.

முழு கஸ்டடி கெடைச்சாதான் ஆச்சுன்னு நிக்கறது

மொதல்ல குழந்தை உங்க மொகத்த மறக்காம இருக்கணும். 2020 யஷிதா சாஹு தீர்ப்புல, நேர்ல பாக்குறது மட்டுமில்லாம போன், வீடியோ கால்ல பேசற உரிமையும் முக்கியம்னு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, அத மொத வாய்தாவுலயே கேட்டு வாங்குங்க.

வெளிநாடு போயிருவாங்கன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கறது

குழந்தை கடத்தல் சம்பந்தமான 1980 ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரல. அதனால இங்க இருந்து கூட்டிட்டு போயிட்டா அந்த ஒப்பந்தத்த காட்டி திருப்பி கேக்க வழியில்ல, அந்த நாட்டு கோர்ட்லயே போய் நிக்கணும். டிக்கெட் போட்ட மாதிரி சந்தேகம் வந்தாலே, கோர்ட் அனுமதி இல்லாம குழந்தைய நாட்ட விட்டு கூட்டிட்டு போகக்கூடாதுன்னு தடை உத்தரவு கேளுங்க, பாஸ்போர்ட்ட கோர்ட்ல ஒப்படைக்கவும் சேத்தே கேளுங்க.