பாறை அடுக்குகளை அடியிலிருந்து படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

புதைபடிவம் கண்ணில் பட்டதும் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்வதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்வது. எந்த அடுக்கில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற குறிப்பு இல்லையென்றால் அது வெறும் அழகான கல். அதனால் அடுக்கை முதலில் பார்ப்போம், படிவம் பிறகு.

தேவையானவை: 5 மீட்டர் அளவு நாடா, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சாய்வு அளக்கும் கிளைனோமீட்டர் (செல்போன் செயலியே போதும்), கட்டம் போட்ட நோட்டு, பென்சில், சொட்டுப் புட்டியில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கவசம். மழை பெய்து ஓய்ந்த உடனே செங்குத்துப் பாறைச் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: எது மேல், எது கீழ்?

கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. 1669-ல் டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ சொன்ன விதி இது. ஆனால் மலை மடிந்த இடங்களில் அடுக்குகள் தலைகீழாகவே புரண்டிருக்கும், எனவே சோதிக்காமல் நம்ப வேண்டாம். ஒரே அடுக்குக்குள் பரல்கள் (பாறையில் உள்ள மணல், கல் துகள்கள்) அடியில் பருமனாகவும் மேலே போகப் போக நுண்மையாகவும் இருந்தால் அது பெரும்பாலும் நேராக இருக்கிறது. காய்ந்த சேற்றில் விழுந்த வெடிப்புகள் கீழ்நோக்கிக் குறுகும். மேல்நோக்கிக் குறுகினால் அடுக்கு கவிழ்ந்துவிட்டது.

படி 2: அளந்து வரையுங்கள்

1 மீட்டருக்கு 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, நோட்டின் அடியிலிருந்து மேல்நோக்கி வரையுங்கள். களிப்பாறைக்குக் குறுகிய கட்டம், மணற்பாறைக்கு அகலமானது, கூழாங்கல் பாறைக்கு இன்னும் அகலம். பரல் அளவு மாறுவது இப்படி வரைந்தால் ஒரே பார்வையில் புரியும்.

நாடாவை அடுக்குத் தளத்துக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்; பலரும் தவறுவது இதில்தான். அடுக்கு 30 பாகை சாய்ந்திருக்கும்போது, சாய்வுத் திசையில் சமதரையில் 10 மீட்டர் அளந்தால் உண்மையான தடிமன் 5 மீட்டர்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: சுவர் வெட்டப்பட்ட திசையைப் பொறுத்து, நன்றாகச் சாய்ந்த அடுக்குகூடக் கிடையாகத் தெரியும். சுவரோடு நிறுத்தாமல், அடுக்கின் மேல்தளம் வெளியே தெரியும் இடத்தில் சாய்வை அளவிடுங்கள்.

பரல் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் கூழாங்கல் வகை, 0.063 மி.மீ.க்குக் கீழே என்றால் சேறு வகை, இடைப்பட்டது மணல். சேற்றில் வண்டலா களியா என்று தெரியாவிட்டால் ஒரு துணுக்கைப் பல்லில் கடித்துப் பாருங்கள் (அமிலம் படாத துணுக்கை!). நறநறத்தால் வண்டல், வழவழத்தால் களி. புவியியலாளர்கள் செய்யும் சோதனைதான், கூச்சப்பட வேண்டாம்.

சுண்ணாம்புக்கல்லில் அமிலத் துளி பட்டவுடன் நுரைக்கும். டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணப்பாறை) என்றால் கீறிப் பொடியாக்கினால்தான் நுரைக்கும். சுண்ணச்சத்து பிணைத்த மணற்பாறையும் நுரைக்கும் என்பதால் லென்ஸால் பரலையும் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.

படி 3: படிவங்களைக் குறியுங்கள்

அடியிலிருந்து உயரம், முழுசா இருக்கிறதா அல்லது உடைந்ததா, எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என எழுதி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பவளம் வளர்ந்த நிலையிலேயே நின்றால் பெரும்பாலும் வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். கீழ்நோக்கிக் கிளைத்த வேர்த்தடம் என்றால் அந்த மண்ணில் செடி நின்றிருக்கிறது.

வயதுக்கு வழிகாட்டும் படிவங்களும் உண்டு. டிரைலோபைட்டுகள் (ஓடு மூடிய கணுக்காலிக் கடலுயிர்கள்) சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுள்ள கடலுயிர்கள்) சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆனால் பழைய பாறை அரிக்கப்பட்டு, அதன் படிவம் புதிய அடுக்கில் போய்ச் சேர்வதும் உண்டு. உருண்டு தேய்ந்த ஒற்றைப் படிவத்தை வைத்து வயது சொல்லாதீர்கள். ஆண்டுக் கணக்கு வேண்டுமானால் எரிமலைச் சாம்பல் அடுக்கில் உள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களை ஆய்வகத்தில் அளக்க வேண்டும்.

படி 4: மாற்றத்தைப் படியுங்கள்

மணற்பாறை, அதன்மேல் களிப்பாறை, அதற்கும் மேல் சுண்ணாம்புக்கல், எல்லாவற்றிலும் கடல் படிவங்கள் என்றால் கடல் உள்நோக்கி ஏறியிருக்கக்கூடும். வரிசை தலைகீழானால் பின்வாங்கியிருக்கிறது.

இடைவெளிகளையும் தேடுங்கள், அடுக்குகளைவிட அவை பல நேரம் அதிகம் சொல்லும். ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயின்ட்டில், ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் பழைய அடுக்குகளின் மேல் செம்மணற்பாறை லேசான சாய்வில் படுத்திருக்கிறது. 1788-ல் அதைப் பார்த்த ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், முதல் படிவு கல்லாகி, மடிந்து, உயர்ந்து, அரித்த பிறகே இரண்டாவது படிய முடியும் என்று உணர்ந்தார். இரண்டுக்கும் நடுவே சுமார் 6.5 கோடி ஆண்டு.

உங்கள் வரைபடத்தில் அப்படிப்பட்ட தளத்தை அலைக்கோடாகப் போடுங்கள். மேல் அடுக்கின் அடியில், கீழ்ப்பாறையிலிருந்து உடைந்த கூழாங்கற்கள் கிடந்தால் அது அரிப்புத் தளம். நொறுங்கிய பாறையும் ஒரே திசையில் உரசிய வழவழப்பான கீறல்களும் தெரிந்தால் அது பிளவுப்பெயர்ச்சி, அதாவது பாறை உடைந்து நகர்ந்த தளம். அங்கே அலைக்கோடு போட்டால் கதையே தப்பாகிவிடும்.