நிலநடுக்கச் செய்தி வந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

2012 ஏப்ரல் 11, மதியம் இரண்டு மணி தாண்டியிருக்கும். சென்னையில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தேன், நாற்காலி மெதுவாக ஊஞ்சல் மாதிரி ஆடியது, எல்லாரும் படியிறங்கித் தெருவுக்கு ஓடினோம். சுமத்ரா பக்கம் 8.6 என்று செய்தி வந்ததும் நாகப்பட்டினத்திலிருந்து அம்மா போன் செய்து கேட்டது ஒரே கேள்விதான்: "தண்ணி வருதாடா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 8.6 என்ற எண் தெரிந்ததே தவிர, அதை வைத்து என்ன புரிந்துகொள்வது என்று தெரியவில்லை. அதன்பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். செய்தியில் இன்றைக்கும் "ரிக்டர் அளவுகோலில்" என்றுதான் போடுகிறார்கள். சார்லஸ் ரிக்டர் 1935-இல் கலிபோர்னியாவுக்காகச் செய்த அளவுகோல் அது. ஒரு குறிப்பிட்ட வகைக் கருவியில் பதிவாகும் அலையின் உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. பெரிய நிலநடுக்கங்களில் அந்தக் கணக்கு உண்மையான அளவைக் காட்டாமல் குறைத்தே காட்டும். அதனால் 1979-இல் ஹாங்க்ஸ், கனமோரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் வேறு அளவுகோல் கொண்டுவந்தார்கள்: பூமிக்கடியில் பாறை எவ்வளவு பரப்புக்கு வழுக்கியது, எத்தனை மீட்டர் நகர்ந்தது, அந்தப் பாறை எவ்வளவு இறுக்கமானது, இந்த மூன்றையும் பெருக்கி அதிலிருந்து எண்ணைப் பெறுகிறார்கள். இன்று பெரிய நிலநடுக்கங்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த எண்தான், பெயர் மட்டும் ரிக்டர் என்றே ஒட்டிக்கொண்டுவிட்டது.

எண் ஒன்று கூடினால் அலையின் உயரம் 10 மடங்கு, வெளிவரும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு கூடினால் ஆற்றல் 1000 மடங்கு. ஆகவே 5-க்கும் 7-க்கும் "ரெண்டுதானே வித்தியாசம்" என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் எண் பெரிதாக இருந்தால் அழிவும் அதே கணக்கில் பெரிதாகும் என்பதும் சரியில்லை. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிராவின் லாத்தூர் பக்கம் வந்தது 6.2, 2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் பூஜில் வந்தது 7.7. கணக்குப் போட்டால் பூஜில் வெளிவந்த ஆற்றல் சுமார் 180 மடங்கு. ஆற்றல் அவ்வளவு குறைவாக இருந்தும் லாத்தூரில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். காரணம், நிலநடுக்கம் கிளம்பிய ஆழம் குறைவு, ஊர்கள் அதன் மேலேயே இருந்தன, சேற்றில் கல் அடுக்கிக் கட்டிய கனத்த சுவர்கள், எல்லாரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேரம். இதனால்தான் எண்ணுக்கு அடுத்து நான் தேடுவது ஆழம். 2013 மே மாதம் ரஷ்யாவின் ஓகோட்ஸ்க் கடலுக்கடியில் வந்தது 8.3, ஆனால் ஆழம் 600 கிலோமீட்டருக்கும் மேல். மாஸ்கோ வரைக்கும் ஆட்டம் தெரிந்தது, பெரிய சேதம் இல்லை.

உங்கள் இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது தனி அளவு. மெர்க்கல்லி அளவுகோலில் 1 முதல் 12 வரை இருக்கிறது, இதற்குக் கருவி கூட வேண்டாம். மாடியில் இருப்பவருக்கு லாரி போன மாதிரி அதிர்வு என்றால் 3, பாத்திரங்களும் ஜன்னலும் கடகடத்தால் 4, எல்லாரும் உணர்ந்து பயந்து, கனமான சாமான் நகர்ந்து, அங்கங்கே சுவர்ப் பூச்சு உதிர்ந்தால் 6. ஒரே நிலநடுக்கத்துக்கு அளவு எண் ஒன்றுதான், இந்த எண்ணோ ஊருக்கு ஊர் மாறும்.

சரி, எங்கே வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இது. பாறை வழுக்கியதும் இரண்டு வகை அலைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. முதல் அலை பூமியின் மேலோட்டில் நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், இரண்டாவது சுமார் 3.5. ஒரே பஸ் ஸ்டாண்டில் ஒன்றாகக் கிளம்பிய எக்ஸ்பிரஸும் டவுன் பஸ்ஸும் மாதிரி, தூரம் போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போகும். அந்த இடைவெளியை நொடியில் எடுத்து 8-ஆல் பெருக்கினால் தோராயமான தூரம் கிடைக்கும். 20 நொடி என்றால் 160 கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டருக்குள்தான் இந்தக் கணக்கு சரிவரும். ஒரு நிலையம் தூரத்தை மட்டும் சொல்லும், திசை தெரியாது. அதனால் வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், இன்னும் இரண்டு நிலையங்களுக்கும் அதேபோல் போடுங்கள். மூன்று வட்டங்களும் சந்திக்கும் இடம்தான் மேல்மையம், அதாவது நிலநடுக்கம் கிளம்பிய இடத்துக்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளி.

முதலில் வரும் எண் பின்னால் மாறினால் யாரோ மறைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கு முதலில் கணக்கிட்டது 8-ஐ ஒட்டித்தான், பிறகுதான் 9-ஐத் தாண்டியது என்று தெரிந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பிளவு, கிழிந்து முடியவே பல நிமிடங்கள். அதை முழுசாக அளக்க நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 2004-இல் பூமியின் மேலோட்டில் இருக்கும் பிரம்மாண்டமான பாறைத் தட்டுகளில் ஒன்று இன்னொன்றின் அடியில் செருகும் இடத்தில் கடல்தரை மேலே எழும்பியது, மேலிருந்த தண்ணீர் முழுவதும் தூக்கியெறியப்பட்டது. 2012-இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, தண்ணீரைப் பெரிதாகத் தூக்கவில்லை, அதனால் வந்த அலையும் சிறியது. ஆகவே கடலுக்கடியில் என்றால், தரை எந்தத் திசையில் நகர்ந்தது என்று பாருங்கள். ஆனால் அந்த விவரம் வரும்வரை கரையில் நின்று காத்திருக்காதீர்கள். எச்சரிக்கை வந்தால் முதலில் மேட்டுக்குப் போய்விட வேண்டும், கணக்கெல்லாம் அப்புறம்.

அடுத்த முறை ஆட்டத்தை உணர்ந்தால், எத்தனை மணி, எத்தனையாவது மாடி, எவ்வளவு நேரம், என்ன சாமான் ஆடியது என்று பத்து நிமிடத்துக்குள் குறித்துவையுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் இணையதளத்தில் எந்த நாட்டுக்காரரும் நிரப்பக்கூடிய படிவம் இருக்கிறது, அதில் பதிவுசெய்யுங்கள். எந்த ஊரில் எவ்வளவு ஆடியது என்ற வரைபடத்துக்கு இந்தப் பதிவுகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.