மேற்கு ஜன்னல் சூட்டுக்கு ரிஃப்ளெக்டிவ் ஃபிலிம்: என் அனுபவம்

எங்க ஹால்ல மேற்கு பாத்த பெரிய கண்ணாடி ஜன்னல், சாயங்காலம் வெயில் நேரா உள்ள விழும், திரைய இழுத்து விட்டாலும் சூடு உள்ள வந்தப்புறம்தானே திரைமேல படுது, அதனால ஏசி ஓடிக்கிட்டே இருக்கும். வெயில கண்ணாடியிலயே திருப்பி விடணும்னுதான் ரிஃப்ளெக்டிவ் ஃபிலிம், அதாவது கண்ணாடிமேல ஒட்டுற மெல்லிசான பளபளப்பு ஷீட் தேடுனேன்.

கருப்பா இருந்தா சூடு குறையும்னு நம்பாதீங்க. சாதா டின்ட் ஃபிலிம் சூட்ட உறிஞ்சும், அதுல ஒரு பங்கு உள்ளதான் வரும். நான் பாத்தது ரெண்டே நம்பர். எஸ்எச்ஜிசி, அதாவது வெயில் சூட்டுல எவ்வளவு உள்ள வருதுங்கறது, 0-லருந்து 1 வரைக்கும் போகும், கம்மியா இருக்கணும். அடுத்தது விஎல்டி, உள்ள வர்ற வெளிச்சத்தோட சதவீதம், ரொம்ப கம்மியா எடுத்தா பகல்லயே லைட் போடணும், நான் 35% எடுத்தேன். யூவி, அதாவது புற ஊதாக் கதிர 99% தடுக்கும்னு பெருசா போட்டிருப்பாங்க, அது சோஃபா வெளுக்காம இருக்கத்தான், வெயில் சூட்டுல யூவி பங்கே ரொம்ப கொஞ்சம்.

டபுள் கிளாஸ் (நடுவுல இடைவெளி விட்ட ரெட்டைக் கண்ணாடி), லேமினேட்டட் (நடுவுல பிளாஸ்டிக் வெச்சு ஒட்டுன) கண்ணாடின்னா கேக்காம உள்பக்கம் ஒட்டாதீங்க, சூடு ஏறி விரிசல் விட வாய்ப்பிருக்கு, அதுக்கு வெளிப்பக்கம் ஒட்டுற ஃபிலிம் தனியா இருக்கு. எங்களுது சாதா ஒத்த கண்ணாடி. சோப்புத் தண்ணி தெளிச்சு ஒட்டி ரப்பர் வைப்பரால நடுவுலருந்து ஓரத்துக்கு தள்ளுனேன், சின்ன சின்ன தண்ணிக் கொப்புளம் தெரிஞ்சுது, சில வாரத்துல தானா காஞ்சிடுச்சு. அம்மோனியா கலந்த க்ளீனர் மட்டும் வேணாம்.

பகல்ல வெளியில இருந்து பாத்தா முகம் பாக்கற கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள சரியா தெரியாது. ஆனா ராத்திரி லைட் போட்டா வெளியில இருந்து உள்ள எல்லாமே தெரியும், அந்த எஃபெக்ட் வெளிச்சம் அதிகமா இருக்கற பக்கம்தான் வேலை செய்யும், அதனால திரைய கழட்டிடாதீங்க.