பழைய மர விறாந்தை வீடு: ஓடாவியைக் கூப்பிடுமுன்

மட்டக்களப்பில் விக்டோரியா காலத்துப் பாணியில் எழுந்த சின்ன வீட்டுக்குச் சட்டத்தின் காவல் பெரிதாகக் கிடையாது. 1940 இன் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முந்திய கட்டடங்களைத்தான் தானாகவே புராதனச் சின்னமாகக் கொள்கிறது. விக்டோரியா அரசியின் ஆட்சியோ 1837 இல் தொடங்கி 1901 இல் முடிந்தது. வர்த்தமானியில் தனியாக அறிவித்தால் ஒழிய, அந்த வீட்டின் பெறுமதி சொந்தக்காரர் கையில்தான்.

முதலில் வயதைப் பிடியுங்கள். காணி உறுதியில் உள்ள திகதி காணி கைமாறிய திகதி. வீடு அதற்கு முந்தியும் இருக்கலாம், பிந்தியும் இருக்கலாம். கூரை ஓட்டைப் புரட்டினால் சிலவேளை, இந்தியாவில் ஓட்டு ஆலைகள் நடத்திய பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் முத்திரையும் 1865 என்ற இலக்கமும் தெரியும். அதைப் பார்த்து வீட்டுக்கு வயது சொல்லிவிடுவார்கள். 1865 அந்த மிஷனின் மங்களூர் ஆலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அல்ல. அந்த ஆலைகளைப் பிறகு பொறுப்பேற்ற கொமன்வெல்த் ட்ரஸ்ட்டின் பெயர் இருந்தால் ஓடு முதலாம் உலகப் போருக்குப் பிந்தியது. 1978 நவம்பர் சூறாவளியில் இங்கே கூரை பறந்த வீடுகள் பல. ஆகவே சுவருக்கு ஒரு வயதும் கூரைக்கு இன்னொரு வயதும் இருக்கலாம். மரத்தில் ஓர் ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள்: சதுர உடல் பழசு, உருண்டைக் கம்பி ஆணி பிந்தியது.

எதையும் கழற்றுமுன் படம் எடுங்கள். நாலு புறமும், ஒவ்வொரு கதவு யன்னலும், பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து. கூரை ஓரத்து வலன்ஸ் பலகையில் நல்ல துண்டு ஒன்றின்மேல் தாளை வைத்து, பென்சிலால் முழு அளவில் பூவேலையை வரைந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் முதலில் அழிவது இந்தப் பலகைதான். அதன் கூர்முனைகள் மழைநீரைச் சொட்டாக இறக்கிவிடவும் உதவுகின்றன. நீர் கடைசியில் தங்குவதும் அந்த நுனியில்தான், உக்கல் தொடங்குவதும் அங்கேதான். புதுப்பலகையில் அறுத்த முகத்துக்கு மூன்று பூச்சுப் பெயின்ற். எல்லாப் பக்கமும் அடித்து முடித்த பிறகே ஆணி.

அடுத்தது தூண்களின் அடி. ஸ்க்ரூட்ரைவர் நுனியால் குத்துங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றரில் நின்றால் மரம் நல்லது, ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் உக்கல். இதற்காக முழுத் தூணையும் மாற்றச் சொல்லும் ஓடாவியிடம் உடன்பட வேண்டியதில்லை. தூணின்மேல் கிடக்கும் வளைமரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நல்ல மரம் வரும்வரை அடியை வெட்டி எறியுங்கள். அதே சாதி மரத்தை, முதிரையென்றால் முதிரையை, நார் ஒரே போக்கில் வரும்படி, இரு துண்டிலும் பாதித் தடிப்பை வெட்டி எடுத்து அரைக்கு அரை பொருத்துங்கள். 10 செ.மீ. தடிப்புத் தூணுக்கு 30 செ.மீ. நீளப் பொருத்து, இரண்டு துருப்பிடிக்காத எஃகுப் போல்ட். வாவிக்காற்றின் உப்பில் சாதாரண இரும்பு துருவேறி ஊதி, மரத்தையே பிளந்துவிடும். தூணடி நிலத்தில் முட்டாமல் 5 செ.மீ. உயரமான கல்லில் நிற்கட்டும். கறையான் மண்கோடு ஏறினால் கண்ணில் படவும் அந்த இடைவெளி வேண்டும்.

சுவர் விடயத்தில் பெரும்பாலான கேடு சிமெந்தால் வருகிறது. பழைய செங்கல் ஈரத்தைச் சாந்து வழியாக வெளியே விடும். மேலே சிமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் படிந்து, கல்லின் முகமே உதிரும். மூட்டுகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டி, ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல் சேர்த்து நிரப்புங்கள். கடல்மணல் வேண்டவே வேண்டாம். நனைத்த சாக்கால் ஒரு கிழமை மூடி வையுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் தூளாகிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கழற்றிய பழைய துண்டுகளை விறகாக்கிவிடாமல், எந்த இடத்தது என்று பென்சிலால் எழுதி விட்டத்தில் கட்டி வையுங்கள். அடுத்த முறை அளவெடுக்க அதுதான் மாதிரி.