டேட்டா லாகருக்குச் சுத்தமான ஆர்பிஎம் சிக்னல்: டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த மாருதி 800-க்கு

எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) சீராக ஓடுகிறது, ஓட்டத்தின் அளவுகளைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரின் கிராஃபிலோ கோடு திடீரென்று 6000-க்குத் துள்ளி இறங்குகிறது. ஒரே ஸ்பார்க்கை லாகர் இரண்டாக எண்ணினால் இப்படித்தான் வரும். சாஃப்ட்வேரில் ஸ்மூத்திங்கைக் கூட்டினால் கோடு அழகாகும், ஆனால் கியர் மாற்றும் இடம் மழுங்கிவிடும். சிக்னல் பிறக்கும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

சிக்னல் எங்கிருந்து?

இசியூ-வில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டேக்கோ அவுட்புட், அதாவது ஆர்பிஎம் மீட்டருக்கான சிக்னல், இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். சிக்னல் வரவே இல்லையென்றால் 1 கிலோ ஓம் புல்-அப் (சிக்னல் ஒயரிலிருந்து பாசிட்டிவ் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டர்) போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் குறை. ஓபிடி போர்ட் (மெக்கானிக் ஸ்கேனர் செருகும் சாக்கெட்) மெதுவானது, ரேஸ் லாகிங்குக்குப் போதாது. கார்புரேட்டர் வண்டியில் இந்த இரண்டும் கிடையாது. இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனைதான் வழி.

பிளக்கும் ஒயரும்

சர்க்யூட்டைத் தொடுவதற்கு முன், ஸ்பார்க்கின் மின் இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் பிளக் போட்டுவிடுங்கள். என்ஜிகே-யில் ‘பிபிஆர்6இஎஸ்’ மாதிரி பெயருக்குள் ‘ஆர்’ வந்தால் ரெசிஸ்டர் உள்ளது. ‘ரேஸிங்’ என்று விற்கும் செம்புக் கம்பி பிளக் ஒயர் லாகர் உள்ள வண்டிக்கு வேண்டவே வேண்டாம், கார்பன் கோர் ஒயர்தான் சரி.

சர்க்யூட்

தேவையானவை: 22 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் 2, 33 வோல்ட் ஜீனர், 1என்4148 டயோடு, பிசி817 ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியே கடத்தி இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைப்பது, சுருக்கமாக ஆப்டோ), 7555 டைமர் ஐசி, 4.7 கிலோ ஓம் மற்றும் 27 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 2, 10 நானோஃபாரட் ஒன்று. சேலத்தில் டிவி, ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்குகள் பார்ட்ஸ் வாங்கும் கடைகளில் கேட்டாலே போதும். சாதாரண 555-ஐவிட 7555 நல்லது. அது சப்ளையில் இரைச்சல் கிளப்பாது, 5 வோல்ட்டில் அவுட்புட்டும் முழுசாக ஏறும்.

காயில் நெகட்டிவ் → 22 கிலோ ஓம் → 22 கிலோ ஓம் → ஜீனர் → ஆப்டோவின் 1-ம் பின். ஜீனரின் கோடு காயில் பக்கம் பார்க்க வேண்டும். 2-ம் பின் எஞ்சின் பிளாக் எர்த்துக்கு. 1என்4148-ஐ 1, 2 பின்களுக்குக் குறுக்கே வையுங்கள், அதன் கோடு 1-ம் பின் பக்கம். ஸ்பார்க் விழும் நொடியில் காயில் நெகட்டிவில் 300, 400 வோல்ட் எழும். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட்டுக்குத்தான், அதனால்தான் இரண்டாகப் பிரித்து அரை வாட்டில் போடுகிறோம். பேட்டரியின் 14 வோல்ட் ஜீனரைத் தாண்டாது, ஸ்பார்க் மட்டுமே ஆப்டோவை எரியவைக்கும்.

மறுபக்கம்: ஆப்டோவின் 4-ம் பின் 7555-ன் 2-ம் பின்னுக்கு, அங்கிருந்து 4.7 கிலோ ஓம் 5 வோல்ட்டுக்கு. ஆப்டோவின் 3-ம் பின் லாகர் கிரவுண்டுக்கு. 7555-ல் 1 கிரவுண்டு. 4-ம் 8-ம் 5 வோல்ட். 6-ம் 7-ம் சேர்த்து, 27 கிலோ ஓம் 5 வோல்ட்டுக்கு, 0.1 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு. 5-லிருந்து 10 நானோஃபாரட் கிரவுண்டுக்கு. மீதி 0.1 மைக்ரோஃபாரட் 8-க்கும் 1-க்கும் நடுவில், ஐசியை ஒட்டியே. அவுட்புட் 7555-ன் 3-ம் பின், அது லாகரின் ஆர்பிஎம் இன்புட்டுக்கு. அந்த 5 வோல்ட்டை லாகரின் சென்சார் சப்ளையிலிருந்து எடுங்கள்.

இரட்டை எண்ணிக்கை எப்படி நிற்கிறது

முதல் எழுச்சிக்குப் பிறகும் காயில் வோல்டேஜ் உடனே அடங்காது. ஸ்பார்க் எரியும் ஒன்றிரண்டு மில்லிசெகண்டும் அதிர்ந்துகொண்டே இருக்கும். 27 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 1.1 × ஆர் × சி கணக்கில் சுமார் 3 மில்லிசெகண்ட். முதல் எழுச்சியில் 7555 ஒரு பல்ஸ் தரும், அது முடியும்வரை வேறெதையும் கண்டுகொள்ளாது. 7000 ஆர்பிஎம்மில்கூட மாருதி 800-ல் இரண்டு ஸ்பார்க்குக்கு நடுவே 5.7 மில்லிசெகண்ட் இருப்பதால் நிஜ ஸ்பார்க் எதுவும் தவறாது. 9000 போகும் 4 சிலிண்டரில் இடைவெளி 3.3 மில்லிசெகண்ட்தான். அதற்கு 18 கிலோ ஓம் போட்டு 2 மில்லிசெகண்டாகக் குறையுங்கள்.

எர்த்: பாதி பேர் கோட்டைவிடும் இடம்

எஞ்சின் பிளாக் எர்த்தையும் லாகர் கிரவுண்டையும் போர்டில் எங்கும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஆப்டோ போட்டதே வீண், காயில் கரண்ட் ஏற்படுத்தும் எர்த் ஆட்டம் நேராக லாகருக்குள் போகும். ஷீல்டு ஒயரின் வலையை லாகர் முனையில் மட்டும் கிரவுண்டு செய்து, மறுமுனையை வெட்டி டேப் சுற்றுங்கள். லாகர் சப்ளை பேட்டரியிலிருந்து நேராக வரட்டும். சிக்னல் ஒயர் பிளக் ஒயரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் குறுக்கே கடக்கட்டும், கூடவே ஓடக் கூடாது.

லாகர் செட்டிங்

3 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக்: இரண்டு சுற்றுக்கு 3 ஸ்பார்க், அதாவது சுற்றுக்கு 1.5 பல்ஸ். தசமம் ஏற்காத லாகரில் 3 என்று போட்டு, வரும் எண்ணை 2-ஆல் பெருக்குங்கள். பல்ஸ் எண்ணும் முறையைவிட இடைவெளி அளக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஐட்லிங் 800-ல் விநாடிக்கு 20 பல்ஸ்தான் வரும், 0.1 விநாடிக்கு எண்ணினால் ஒரு பல்ஸ் பிசகே 400 ஆர்பிஎம்.

சோதனை

ஆஸிலோஸ்கோப்பை ஆப்டோவுக்குப் பிறகு மட்டும் வையுங்கள். விலை குறைந்த டிஎஸ்ஓ138 ஆஸிலோஸ்கோப்பின் இன்புட் 50 வோல்ட்டுக்குத்தான், காயிலில் நேராக வைத்தால் போய்விடும்.

நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டர் மிதித்துப் பார்ப்பது போதாது. லோடு ஏறினால் சிலிண்டர் அழுத்தம் ஏறும், ஸ்பார்க் வோல்டேஜும் இரைச்சலும் கூடும். ரோட்டில் ஓட்ட அனுமதியுள்ள வண்டி என்றால் ஏற்காடு மலைப்பாதை இதற்கு அருமை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாதாரண வேகத்திலேயே எஞ்சின் லோடில் இறங்கி இறங்கி ஏறும். மேலே பனிமூட்டத்தில் மட்டும் சிக்னல் குலைந்தால் பிளக் ஒயரில் கசிவு, ஒயரை மாற்றுங்கள். முழு ரேஸ் வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள், கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பிராக்டிஸின்போது பாருங்கள்.

பிறகு ஆர்பிஎம்மையும் வீல் ஸ்பீடையும் ஒரே கிராஃபில் புள்ளிகளாகப் போடுங்கள். கியருக்கு ஒன்றாக நேர்கோடுகள் தெரியும். கிளட்ச் மிதிக்காத, வீல் சுழலாத நேரத்தில் கோட்டை விட்டு விலகும் புள்ளி எல்லாம் இரைச்சல்.

பின்சேர்ப்பு: பைக்குக்கு

சிடிஐ (கெபாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலுக்குள் விட்டு ஸ்பார்க் தரும் இக்னிஷன்) பைக்கில் இதைப் போட்டால் சிக்னலே வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல சிடிஐ-களில் காயிலுக்குப் போகும் பல்ஸ் நெகட்டிவாக இருக்கும், அது ஜீனர், 1என்4148 வழியே போய்விடும், ஆப்டோ எரியாது. இன்புட் முனைகள் இரண்டையும் மாற்றுங்கள்: ரெசிஸ்டர் முனை எஞ்சின் பிளாக்குக்கு, ஆப்டோவின் 2-ம் பின் காயில் ஒயருக்கு. ஒரு சிலிண்டர் பைக்குகள் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் விடும், லாகரில் 1 என்று போடுங்கள்.