முக்காடு வசனத்தில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கூட்டம். பாட்டி மடியில் தமிழ் வேதாகமம், பேத்தி கைப்பேசியில் ஆங்கில பைபிள். கொரிந்து ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 11:10 வந்தது. "ஸ்திரீயானவள் தலையின்மேல் முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்" என்று பாட்டி வாசித்தார். "இதுல அதிகாரம்னுதான் இருக்கு பாட்டி, முக்காடே இல்லையே" என்றாள் பேத்தி. இருவருமே சரியாகத்தான் வாசித்தார்கள்.

ஒரே மொழிபெயர்ப்பை வைத்துத் தீர்ப்பு சொல்வதுதான் நம்மிடம் உள்ள பெரிய தவறு. அந்த வசனத்தின் மூல கிரேக்கச் சொல் 'எக்ஸூசியா'. அதற்கு அதிகாரம், உரிமை என்று பொருள். 6ஆம் வசனத்தில் இருப்பது 'மூடுதல்' என்ற வினை. 15ஆம் வசனத்தில் 'பெரிபோலாயோன்', அதாவது மேலே சுற்றிக்கொள்ளும் போர்வை. மூன்று வேறு சொற்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் மூன்றுக்கும் முக்காடுதான்.

இதனால் எதிர்ப்பக்கத்திலும் குழப்பம் வருகிறது. "தலைமயிரே முக்காடு என்று 15ஆம் வசனம் சொல்கிறதே, துணி எதற்கு?" என்பார்கள். சரி, அதையே 6ஆம் வசனத்தில் பொருத்திப் பாருங்கள். முக்காடிடாவிட்டால் "தலைமயிரையும்" கத்தரிக்க வேண்டும் என்கிறார் பவுல். முக்காடே மயிர் என்றால் அந்த 'உம்'முக்கு வேலையே இல்லை. அங்கே அவர் மயிருக்கு மேலே போடும் ஒன்றைத்தான் சொல்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

அப்புறம், 5ஆம் வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் பெண் ஜெபம்பண்ணுகிறாள், தீர்க்கதரிசனம் சொல்லுகிறாள். பவுல் அவளை நிறுத்தவில்லை. இந்தப் பகுதியைக் காட்டி ஒரு சகோதரியின் வாயை அடைப்பது எனக்குத் தாங்கவே முடியாத ஒன்று.

4ஆம் வசனம் ஆண்களுக்கு: ஜெபத்தில் தலையை மூடக்கூடாது என்கிறது. அதை யாரும் பிரசங்கிப்பதில்லை. கொரிந்து கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி நிறுவிய ரோமக் குடியேற்றம். ரோம ஆண்கள் பலியிடும்போது மேலாடையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பழக்கத்தை மறந்துவிட்டு வாசித்தால் பாதிதான் புரியும்.

இன்னொன்று பூ. பஃபலோ ரோட்டில் மல்லிகை வாங்கிப் பின்னலில் வைத்து வரும் பெண்ணிடம் மயிரைப் பின்னுவதும் உயர்ந்த வஸ்திரங்களும் உங்கள் அலங்காரமாக இருக்க வேண்டாம் என்கிற 1 பேதுரு 3:3ஐ நீட்டுகிறவர்கள் உண்டு. அங்கே "உயர்ந்த வஸ்திரங்கள்" என்று நாம் வாசிப்பதில் 'உயர்ந்த' என்பது தமிழில் சேர்த்தது. கிரேக்கத்தில் வெறும் வஸ்திரம்தான். பின்னல் தடை என்றால் உடுத்துவதும் தடையாகிவிடும். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படித்தால், அழகு எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

வேறு சபைக்குப் போகும்போது அவர்கள் வழக்கத்தைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுதல், என்று சொல்லிவிடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை.

நான் ஜெபத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறவள். மனதார அப்படிச் செய்கிறேன். ஆனால் முக்காடில்லாமல் வந்த பெண்ணை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும்படி இந்தப் பதினாறு வசனங்களில் பவுல் யாருக்கும் சொல்லவில்லை.